மொரேல் பங்காளிகள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரைக்காலில் பெரிய மொரேல் எந்தக் கொம்யூனுக்கு மேராக, அதாவது நகரசபைத் தலைவராக, இருந்தார் என்பதிலேயே எனக்குச் சொன்னவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஒருவர் வடக்கே என்றார், இன்னொருவர் தெற்கே என்றார். அவர் பிணத்தைத் தூக்கிய அன்று மழை கொட்டியதா, வெறும் மப்பாக இருந்ததா என்று கேட்டால் இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. இடையில் விட்டுப்போனதை நானே இட்டு நிரப்பியும் இருக்கலாம். ஆனால் சோடா மொரேல் என்கிற அமிர்தலிங்கம்தான் கொள்ளி வைத்தார் என்பதிலும், அதற்குப் பிறகு நடந்ததிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், சாதி வழக்கத்தைத் துறந்து உன் சட்டத்துக்குள் வருகிறேன் என்று எழுதிக்கொடுக்கிறவன் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கும் பேரனுக்கும் அந்தப் பெயர் தொடரும். அமிர்தலிங்கத்தின் பாட்டனாருக்கு அப்பா காலத்தில் மூன்று பேர் ஒரே காலையில் அதற்காகப் போனார்கள். மூன்று பேருக்கும் ஊர் வேறு, குலதெய்வம் வேறு. வாசலில் காத்து நின்றபோதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என்ன பெயர் வேண்டும் என்று அதிகாரி கேட்டான். முதல் ஆளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. துறைமுகத்தில் சாராயப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த கூலிகள் பெட்டிக்காரனின் பெயரைச் சொல்லிக் கத்தியது காதில் இருந்தது. அதைச் சொன்னார். மொரேல். பின்னால் நின்ற இரண்டு பேரும், இதுதான் சொல்ல வேண்டிய பெயர் போலிருக்கிறது என்று அதையே சொன்னார்கள்.

சட்டத்துக்கு அது ஒரு பெயர், அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு வெறும் பெயர் என்று ஒன்று உண்டா? ஒரே பெயர் என்றால் ஒரே வகையறா. சாதி வழக்கத்தைத் துறந்தோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள், அந்தக் கையெழுத்தின் மேலேயே புதிதாக ஒரு வழக்கத்தைக் கட்டிக்கொண்டார்கள். மொரேல் வீட்டில் மொரேல் வீட்டார் பெண் எடுப்பதில்லை. ஒரு மொரேல் செத்தால் மற்ற இரண்டு வீட்டுக்கும் தீட்டு. பிள்ளை இல்லாதவனுக்கு மற்ற வீட்டு ஆண் கொள்ளி வைக்க வேண்டும். இரண்டு தலைமுறை போனதும், இவர்கள் பங்காளிகள் இல்லை என்பதை ஊரும் மறந்தது, அவர்களும் மறந்தார்கள்.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஊரில் பெயர் சொன்னால் தெரிகிற மொரேல்கள் மூன்று பேர். மேராக இருந்த, பிள்ளை இல்லாத பெரிய மொரேல். கோர்ட்டில் பிரெஞ்சில் பேசினால் நீதிபதியே எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பான் என்று சொல்லப்பட்ட வக்கீல் மொரேல். மூன்றாவது அமிர்தலிங்கம். அவருடைய புகழ் பாட்டிலில் இருந்தது. சைகோனில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, சண்டை ஓய்ந்த பிறகு ஊர் திரும்பி, கையால் சுற்றுகிற மெஷின் ஒன்றை வாங்கி, கோலி சோடாவும் கலரும் போட்டார். காரைக்காலில் கல்யாணம் என்றால் மொரேல் கலர் உடைக்காமல் பந்தி எழாது. அந்த மூன்று பேரில் ஊரார் பயமில்லாமல் பெயர் சொல்லக்கூடிய ஒரே மொரேல் அவர்தான்.

அந்த வருஷம் பிரெஞ்சுக்காரனைக் கிளப்ப இந்தியாக்காரன் எல்லையை அடைத்திருந்தான். சர்க்கரை வரவில்லை, எசென்ஸ் வரவில்லை, சோடாவுக்கான காஸ் வரவில்லை. காலி பாட்டில்கள் மரப்பெட்டிகளில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அமிர்தலிங்கம் காலையில் கடையைத் திறந்து, துணியால் மெஷினைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்துக் கடை முகைதீன் பிச்சைக்குக் கயிறும் சாக்கும் வியாபாரம். அவருக்கும் வேலை இல்லை. இருவரும் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதில் அதிக நேரம் போகும்.

புரட்டாசி கடைசியில் ஒரு நாள், பெரிய மொரேல் வீட்டு வேலைக்காரி வந்து, "ஐயா உங்களை வரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

முகைதீன் பிச்சை தெருவைப் பார்த்தபடியே கேட்டார். "வக்கீல் எங்கே?"

"புதுச்சேரி போயிருக்கார். கேஸாம்."

"கோர்ட்டே எந்த நாட்டுக் கோர்ட்டுன்னு தெரியாம கெடக்கு. இவருக்கு மட்டும் கேஸு." கொஞ்சம் பொறுத்து, "மாரிக்கண்ணு சொன்னது உங்க காதுல விழுந்துச்சா தம்பி?" என்றார்.

விழுந்திருந்தது. விழாத காது ஊரில் இல்லை. கோடையில் மண்டபத்தூரில் மாரிக்கண்ணு தன் வலைக்கொட்டகை மேல் இந்திய மூவர்ணக் கொடி கட்டினார். பிரெஞ்சுக்காரன் பக்கம் நின்ற பெரிய மொரேலின் ஆட்கள் பட்டப்பகலில் போய்க் கட்டுமரங்களுக்கும் கொட்டகைக்கும் தீ வைத்தார்கள். கொட்டகைக்குள் மாரிக்கண்ணுவின் தம்பி காய்ச்சலோடு படுத்திருந்தான். கொள்ளி வைக்க ஒன்றும் மிச்சமில்லை. சாம்பலைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய், அலை தாண்டிக் கடலில் விட்டுவிட்டு வந்தார்கள். பெரிய மொரேல் நீர் கோத்து உடம்பு வீங்கிப் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், மாரிக்கண்ணு மீன் சந்தையில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னார்: "அந்தாளு சாகட்டும். சாகுறவனை நான் என்ன கேக்குறது? அவனுக்குக் கொள்ளி வைக்கிறவன் யாரோ, அவன்கிட்ட என் தம்பியைக் கேட்டுக்கிறேன்."

அவர் கத்திச் சொல்லவில்லையாம். மீனுக்கு விலை சொல்கிற குரலில்தான் சொன்னாராம்.

"போகாம இருந்துடுங்களேன்" என்றார் முகைதீன் பிச்சை.

"கூப்பிட்டா போகாம எப்படி பாய்?"

பெரிய மொரேல் வீட்டு வாசல் பெஞ்சு காலியாகக் கிடந்தது. மாதக் கணக்காக அதில் தடியோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனும் இல்லை. உள்ளே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. களிம்பு வாடையும் வேறு ஏதோ ஒரு வாடையும் அடித்தது. கட்டிலில் கிடந்த உடம்பு அமிர்தலிங்கத்துக்குத் தெரிந்த உடம்பாக இல்லை. கண் மட்டும் பழைய கண். தலைமாட்டில் அவர் மனைவி சாரதாம்பாள் விசிறிக்கொண்டிருந்தார்.

"வாப்பா அமிர்தம். உக்காரு."

"எப்படி இருக்கு பெரியப்பா?"

"பாத்தா தெரியல? தண்ணிக்குடமா இருக்கேன். எடுத்து ஊத்தத்தான் ஆள் இல்ல." சிரிக்கப் பார்த்து இருமினார். "வக்கீல் வரமாட்டான். புதுச்சேரியில வேலையாம். அவனுக்கு வேலை இல்லாத நாளாப் பாத்துச் சாக முடியுமா?"

அமிர்தலிங்கம் தரையைப் பார்த்தார்.

"உங்கப்பா போனப்ப நீ சைகோன்ல இருந்தே. கப்பல் ஓடல. தந்தி கூட இல்ல. நான்தான் மீசையை எடுத்துட்டுச் சட்டி தூக்கினேன். பாலும் நான்தான் தெளிச்சேன். என்னை யாரும் கூப்பிடல. நானாப் போனேன்."

விசிறி நின்றது. வெளியே காக்கை கத்துவது கேட்டது. பெரிய மொரேல் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"மண்டபத்தூர்க்காரன் ஏதோ சொல்லிக்கிட்டுத் திரியறானாமே. நான் தீ வைக்கச் சொல்லல. மிரட்டிட்டு வாங்கடான்னேன். தீப்பெட்டி எடுத்துட்டுப் போனவனுங்க இப்ப கதர்ச் சட்டை தைக்கக் குடுத்திருக்கானுங்க."

அமிர்தலிங்கத்துக்குச் சொல்ல வேண்டியது நாக்கில் வந்து நின்றது. நாம் பங்காளிகளே இல்லை, பெரியப்பா. எனக்கும் உங்களுக்கும் ஒரு சாராயப் பெட்டிதான் உறவு. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சிறு வயதிலிருந்தே அவருக்கு அப்படித்தான். வார்த்தை வரும்போது அதற்கு முன்னால் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது எழுந்து போவதற்குள் வேளை தவறிவிடும்.

"பேசாம இருக்கே" என்றார் பெரிய மொரேல். "சரி. அதுக்குப் பேரு சம்மதம்தான்."

சாரதாம்பாள் மறுபடியும் விசிற ஆரம்பித்தார்.

வீட்டில் விசாலாட்சி விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"சம்மதம்னு சொன்னீங்களா?"

"சொல்லல."

"இல்லைன்னு சொன்னீங்களா?"

அவர் கீழே கிடந்த முறத்தை எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

"உங்க வாய்க்குள்ள இருக்கறதை யார் வந்து எடுக்கறது? பெட்டியில இருந்த பேருக்கு நீங்க போயி உசிர விடணுமா? ரெண்டு புள்ளை இருக்குங்க."

"எங்கப்பாவுக்கு அவர்தான் வச்சார், விசாலம்."

"வச்சாரு. அப்ப அவரை யாரும் சந்தையில நின்னு கேக்கல."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோட்டுச்சேரிக்குப் போய்விடுவது என்று முடிவாயிற்று. விசாலாட்சியின் அண்ணன் பஞ்சநாதன் வீடு அங்கே இருந்தது. காரியம் எல்லாம் முடிகிறவரை அங்கேயே இருந்துகொள்ளலாம். ஆனால் பஞ்சநாதனின் மாமியார் செத்து அந்த வீடே தீட்டில் இருக்கிறது, ஐப்பசி பிறக்கட்டும் என்று ஆள் வந்தது. ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. கீழூரில் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டு, பிரெஞ்சுக்காரன் போவது நிச்சயம் என்று செய்தி வந்தது. ஊர் கொடி தைக்கத் தொடங்கியது. விசாலாட்சி மூட்டை கட்டிவைத்து, பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த காலையில் தெருக்கோடியில் சங்கு ஊதினார்கள்.

அவள் சீப்பைப் பிள்ளையின் தலையிலேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார்.

தெருவில் பிணம் கிடந்தால் எந்த வீட்டிலும் அடுப்பு பற்றவைப்பதில்லை. பிணம் எடுத்த பிறகுதான் உலை. சாதாரணமாக அரை நாள் பட்டினி. யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பெரிய மொரேல் அன்று முழுக்கக் கிடந்தார். வெட்டியானே வைக்கட்டும் என்று யாரோ சொன்னதற்கு, "பேர்க்காரன் அதே தெருவுல இருக்கறப்ப அடுத்தவன் கை எதுக்கு?" என்றாராம் சாரதாம்பாள். வக்கீலுக்குத் தந்தி போனது. பதில் வரவில்லை. அடைப்பினால் ஏற்கெனவே அரை வயிறாக இருந்த தெரு அவலையும் வெல்லத்தையும் தின்று அந்த நாளைத் தள்ளியது. மறுநாள் அவலும் தீர்ந்தது. காற்று திரும்பியபோது வாடை தெரு முழுவதும் வந்தது.

உச்சிப்பொழுதுக்குத் தெரு அமிர்தலிங்கத்தின் வாசலில் கூடியது.

"ஏங்க சோடாக்காரரே! உங்க பெரியப்பா இருந்தும் எங்க வயித்துல அடிச்சாரு, செத்தும் அடிக்கிறாரு. எடுத்துத் தொலைங்க!"

"கொள்ளி வைக்கத்தான் பயம். பேரைப் பாட்டில்ல ஒட்டிக்கறப்ப இந்தப் பயம் எங்கே போச்சு?"

"பாட்டிலுக்கு மொரேலு, பாடைக்கு அமிர்தலிங்கமா?"

சிரிப்பு எழுந்தது. உள்ளேயிருந்து விசாலாட்சி கத்தினாள். "நேத்து வரைக்கும் அந்தாளு எப்ப சாவான்னு கேட்டவங்கதானே நீங்க? உங்க வீட்டு ஆம்பளை ஒருத்தரை அனுப்புங்களேன்!"

"எங்க வீட்டு ஆம்பளைக்கு அப்பன் வச்ச பேரு மட்டும்தான் இருக்கு!"

பின்கதவில் மெல்லத் தட்டினார்கள். முகைதீன் பிச்சை. "தம்பி, இப்படியே எங்க கிடங்குக்கு வந்துடுங்க. சாக்கு அடுக்குக்குப் பின்னால இருந்தா யாருக்கும் தெரியாது. எங்க மையத்துன்னா வர்ற போற எல்லாரும் ஆளுக்கு மூணு பிடி மண்ணு போடுவோம். யார் போட்டதுன்னு ஒருத்தனைச் சுட்ட முடியாது. உங்கள்ல இது என்ன ஏற்பாடோ, ஒருத்தன் தலையில கொண்டு வைக்கிறது."

அமிர்தலிங்கம் கிளம்பத்தான் எழுந்தார். அதற்குள் முன்வாசல் ஜன்னலில் எதிர்வீட்டுச் சௌந்தரவல்லி நின்றாள். பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகவில்லை. அவள் கூட்டத்தோடு கத்தவில்லை. கைப்பிள்ளை அழுது அழுது ஓய்ந்திருந்தது.

"அண்ணே, பால் வத்திப்போச்சு" என்றாள். அவ்வளவுதான். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

அவரும் நின்றார். அவளுடைய மௌனத்துக்கும் அவருடைய மௌனத்துக்கும் இடையில் ஜன்னல் கம்பிதான் இருந்தது. பிறகு அவர் மேல்துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுத் தாழை நீக்கினார். விசாலாட்சி அவர் கையைப் பிடித்தாள். விரல் விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

தலையையும் மீசையையும் மழித்து, குளிப்பாட்டி, ஈர வேட்டியோடு கையில் தீச்சட்டியைக் கொடுத்தார்கள். பாடை தூக்க ஆள் தேறியது. பறை ஒன்றுதான். தெருவில் பிணம் ஒவ்வொரு வீடாகத் தாண்டத் தாண்ட, பின்னாலேயே அந்தந்த வீட்டுக் கூரையில் புகை கிளம்பியது. அமிர்தலிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வாசனை மட்டும் வந்தது.

வாய்க்கால் மதகில் மாரிக்கண்ணு நின்றார். கூட நாலைந்து மண்டபத்தூர்க்காரர்கள். யார் கையிலும் ஒன்றும் இல்லை. பாடை தூக்கியவர்கள் தயங்கினார்கள். பறை நின்றது.

"அண்ணே" என்றார் மாரிக்கண்ணு. அவருக்கு அமிர்தலிங்கத்தைவிட வயது அதிகம். சோடாக்கடைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். "உங்க கையால கலர் வாங்கிக் குடிச்சிருக்கான் என் தம்பி. சட்டியைக் கீழ வச்சிட்டுப் போயிடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

சட்டி சுட்டது. அமிர்தலிங்கத்துக்கு அந்த நேரத்தில் பெரிய மொரேலின் முகம் நினைவில் வரவில்லை. தான் பார்க்காத ஒரு சாவுதான் நினைவுக்கு வந்தது; அப்பாவின் பாடைக்கு முன்னால் இதே மதகில் ஒருவர் சட்டியோடு நடந்து போயிருப்பார்.

"நான் வச்சுட்டா விட்டுடுவியா மாரிக்கண்ணு?" என்று கேட்டார்.

"வச்சுட்டா எப்படிண்ணே விட முடியும்? வைக்கிறவன்தானே வாரிசு."

தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். பிறகு அமிர்தலிங்கம் நடந்தார். மண்டபத்தூர்க்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்த பாடைக்காரர்களுக்கு அந்த ஒதுங்கல்தான் அதிகப் பயத்தைக் கொடுத்தது.

சுடுகாட்டில் எருமுட்டை ஈரமாக இருந்தது. தீ பிடிக்க மறுத்துப் பிறகு பிடித்தது. வழக்கப்படி அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தபோது, மாரிக்கண்ணு வழியில் நின்று தலையை அசைத்து, வீட்டுப் பெரியவரிடம் விடைபெறுகிறவர் போல, பிரெஞ்சு மரியாதையில், "வர்றேன் முசியே மொரேல்" என்றார்.

ஊர் கை மாறிய அன்று எல்லா வீட்டிலும் கொடி பறந்தது. மிட்டாய் கொடுத்தார்கள். எல்லையைத் திறந்து சர்க்கரை மூட்டைகள் வந்தன. அமிர்தலிங்கம் மழித்த தலையோடு கடையைத் திறந்தார். எதிர்வீட்டுச் சௌந்தரவல்லி அவரைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்தினாள்.

அன்று பகலில் ஒருவன் வந்து கடைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு கால் விளங்காதவன். பெரிய மொரேல் ஆட்கள் அடித்த அடி. சோடா கேட்கவில்லை. பேசவில்லை. இருட்டியதும் எழுந்து போனான். மறுநாள் அவனோடு ஒரு பெண். அவள் நிலத்தைப் பெரிய மொரேல் யாருக்கோ எழுதிவைத்துவிட்டார். அதற்கடுத்த நாள் இன்னும் சிலர். நெரவியிலிருந்தும் திருநள்ளாற்றிலிருந்தும் வந்தார்கள். அவர் "என்ன வேணும்?" என்று கேட்டால் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். "நான் அவருக்குச் சொந்தமே இல்லைங்க" என்று ஒரு நாள் உரக்கச் சொன்னார். வாழ்க்கையில் அவர் சொல்ல நினைத்துச் சொல்லிவிட்ட ஒரே வாக்கியம் அதுவாக இருக்கும். கால் விளங்காதவன் அவருடைய மழித்த தலையைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள்.

மாரிக்கண்ணு வரவில்லை. அதுதான் அமிர்தலிங்கத்துக்குத் தாங்கவில்லை. விசாலாட்சியையும் பிள்ளைகளையும் கோட்டுச்சேரிக்கு அனுப்பிவிட்டார். அவள் அவரையும் கூப்பிட்டாள்; தொட்ட காரியத்தை முடிக்காமல் வரக்கூடாது, கருமாதி ஆகட்டும் என்றார்.

கருமாதி அன்று பெரிய மொரேல் வீட்டு முற்றத்தில் நல்ல கூட்டம். யாரும் சாப்பிட வந்தவர்களாகத் தெரியவில்லை. சடங்கின் முடிவில் கொள்ளி வைத்தவனுக்கு அவன் பெண் எடுத்த வீட்டார் புதுத் துண்டால் தலைப்பாகை கட்டுவார்கள். உருமாக் கட்டு என்று பெயர். அதோடு அவன்தான் அந்த வீட்டுக்குத் தலை. பஞ்சநாதன் கோட்டுச்சேரியிலிருந்து துண்டோடு வந்தவர், வாசலில் கூட்டத்தைப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தார். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "மாப்ளே, எனக்கு வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புரோகிதர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "கட்ட யாரு இருக்கா?"

மழை ஓட்டிலிருந்து சொட்டுவது கேட்டது. மணையில் உட்கார்ந்திருந்த அமிர்தலிங்கத்துக்கு, யாரும் இல்லை என்றால் இதிலிருந்து தப்பிவிடலாமோ என்று ஒரு நப்பாசை எழுந்தது.

"நான் கட்றேன்" என்றார் மாரிக்கண்ணு.

புத்தம்புதுத் துண்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் இறங்கினார். இவன் யார், என்ன முறை என்று புரோகிதர் கேட்கவில்லை. மாரிக்கண்ணு நிதானமாக, சுற்றுக்குச் சுற்று இழுத்துப் பார்த்து, நன்றாகவே கட்டினார். அவர் விரல்களில் மீன் வாடை இருந்தது. கட்டி முடித்து முனையைச் செருகிவிட்டுக் கும்பிட்டார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். சாரதாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நாளைக்குக் காலம்பற கரைக்கு வாங்க" என்றார் மாரிக்கண்ணு. "என் தம்பிக்கு இன்னும் எள்ளும் தண்ணியும் விடல. உங்க வீட்டால போனவன், உங்க வீட்டுத் தலைதான் விடணும். சாம்பலைப் போட்ட இடம் அலைக்கு அந்தாண்ட. நானே கொண்டுபோறேன்."

அமிர்தலிங்கம் தலையாட்டினார்.

காலையில் அவர் கடையைத் திறக்காமல் தாண்டிப் போவதைக் கண்டு முகைதீன் பிச்சை கயிற்றுக் கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தலைப்பாகை அப்படியே இருந்தது.

"எங்கே போறீங்கன்னு தெரிஞ்சுதான் போறீங்களா தம்பி? கார்த்திகைக் கடல். பட்டினச்சேரில ஒருத்தன் கட்டுமரம் தள்ளல. மண்டபத்தூர்லயும் தள்ள மாட்டான். உங்களை மட்டும் ஏத்திட்டுப் போறான்னா என்ன அர்த்தம்?"

"ஒரு தடவை தண்ணி விட்டுட்டா முடிஞ்சுடும் பாய்."

"எது?"

அமிர்தலிங்கம் யோசித்தார். கடைக்கு எதிரே அன்றைக்கான ஆட்கள் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். முகைதீன் பிச்சை அவர் தோளிலிருந்து கையை எடுத்ததும் வடக்கே நடந்தார்.

மண்டபத்தூர்க் கரையில் பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். புதுக் கட்டுமரம். எள்ளும் தர்ப்பையும் ஒரு சொம்பும் தயாராக இருந்தன. ஏறும்போது மாரிக்கண்ணு கை கொடுத்தார். மூன்றாவது அலை தாண்டுகிறவரை கரையிலிருந்தவர்களுக்கு அந்த வெள்ளைத் தலைப்பாகை தெரிந்துகொண்டிருந்தது.

கட்டுமரம் மத்தியானம் திரும்பியது. மாரிக்கண்ணு மட்டும் இறங்கினார். எள்ளும் தண்ணீரும் முறையாக விட்டார் என்றும், திரும்புகையில் அலை எடுத்துக்கொண்டது என்றும் சொன்னார். புதிய அரசின் போலீஸ் அவரைக் கொண்டுபோய் வைத்திருந்து, சாட்சி இல்லாததால் விட்டுவிட்டது. அமிர்தலிங்கத்தின் உடல் கிடைக்கவில்லை. வக்கீல் மொரேல் ஊருக்கு வரவேயில்லை. பிரான்சுக்குக் கப்பலேறி அங்கேயே இறந்தார். சாரதாம்பாள் வீட்டை விற்றுவிட்டு மாயவரத்தில் தங்கை வீட்டில் இருந்தார். கடைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் மறுநாளிலிருந்து வரவில்லை. சோடா மெஷினை முகைதீன் பிச்சை எடுத்துக்கொண்டு அதற்கான தொகையைக் கோட்டுச்சேரிக்குக் கொடுத்தனுப்பினார். பிறகு அவரும் தன் பிள்ளைகள் இருந்த பினாங்குக்குப் போய்விட்டார். மாரிக்கண்ணு வயதாகி, வயிற்று நோயில் செத்தார். அவருடைய பிள்ளைகள் கொள்ளி வைத்தார்கள். விசாலாட்சி அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா பெயர் அமிர்தலிங்கம் என்று மட்டும் சொன்னாள்.